ஆடுற மேசைக் கழகத்துக்கு ஒரு மெம்பர்

...இல்ல, நீயே சொல்லு, ஒரு நோட்டீஸ் போர்டு எத்தனயத்தான் தாங்கும்? ஒரு அளவு வேணாமா? இங்க பாரு. குடை மீட்புச் சங்கம். படிக்கட்டு நடப்போர் பேரவை. நேரந்தவறாமை மன்றம். இந்த நேரந்தவறாமை மன்றம் மொதக் கூட்டத்துக்கு நான் போயிருந்தேன், நாப்பது நிமிஷம் லேட்டா ஆரம்பிச்சாங்க. தலைவர் பஸ்ஸ விட்டுட்டாராம். அதையும் அவரே மைக்குல சொல்றாரு. எல்லா போஸ்டர்லயும் ஒரு தலைவர் ஃபோட்டோ, கையக் கட்டிக்கிட்டு, எங்கயோ தூரத்தப் பாத்துக்கிட்டு! அந்தத் தூரத்துல அப்படி என்னதான் தெரியுதோ. நானும் அதே மாதிரி நின்னு பாத்தேன், எனக்கு சைக்கிள் ஸ்டாண்டுதான் தெரிஞ்சுது.

என் போஸ்டருக்கு எங்க எடம் விட்டிருக்காங்க, சொல்லு. சரி, இந்த வெள்ளத்தாள் மேல ஒட்டிடறேன். படம் இல்ல, கலர் இல்ல, ஏதோ ஆபீஸ் தாளு. இதெல்லாம் யாரு படிக்கறா... என்ன? இரும்மா, பசை காஞ்சிடும், ஒட்டிட்டு வந்துடறேன். ம்... நாலு மூலையும் நல்லா அழுத்தித் தேச்சுடணும், இல்லன்னா எவனாவது உரிச்சுட்டு அவனோடத ஒட்டிடுவான். ஆங், ஆச்சு. நேரா இருக்கா? எடது பக்கம் கொஞ்சம் தூக்குனாப்ல இல்ல? போகட்டும். 'ஆடும் மேசைக் கழகம். உறுப்பினர் தேவை. ஒருவர் போதும்.' எப்படி இருக்கு? ரொம்பக் கெஞ்சறாப்ல இருக்கோ?

கொஞ்சம் நகந்துக்க, நானும் உக்காந்துக்கறேன். அய்ய... பாத்தியா, இந்த பெஞ்சும் ஆடுது. எங்க போனாலும் என்னத் தொரத்திக்கிட்டே வருது. நீ என்ன, ஃபோன் சார்ஜ் போட வந்தியா? ஆமா ஆமா, இந்த மாடியிலயே இந்த ஒரு ப்ளக்குலதான் கரண்ட் வரும். ஃபர்ஸ்ட் இயர்தானே? கழுத்துல கார்ட இன்னும் மாட்டிருக்கியே, அத வச்சே சொல்லிட்டேன். நாலாம் மாசம் அதக் கழட்டிப் பையில போடுவ, ரெண்டாம் வருஷம் தொலைப்ப. நான் ஃபைனல் இயர். அக்கான்னே கூப்பிடு, தப்பில்ல.

இந்த வேலைவாய்ப்பு ஆபீஸ் கதவு எப்பத் தொறக்கும்னு ஏதாவது... உனக்கு எப்படித் தெரியும், நீ சார்ஜுக்கு வந்தவ. 'சற்று நேரத்தில் வருகிறேன்'னு அட்டை தொங்குது பாரு. சற்று நேரம்னா எவ்வளவு நேரம்? யாரு சொல்றது? அட்டை மேல தூசியே படிஞ்சிருக்கு. மணி இப்ப மூணு அஞ்சு. நாலு மணிக்குள்ள படிவம் ஏழ உள்ள குடுத்தாகணும். குடுத்தாத்தான் நாளைக்குக் காலையில இன்டர்வியூ. குடுக்கலன்னா பேரு லிஸ்ட்லயே இருக்காது. கேட்டுல வாட்ச்மேனே திருப்பி அனுப்பிச்சுடுவாரு.

படிவம் ஏழுன்னா என்னன்னு தெரியாதா உனக்கு? அடடா. கேட்டுக்க, இன்னும் மூணு வருஷத்துல உன் தலையிலயும் விடியப் போறதுதான். கம்பெனிக்காரங்க வந்தாங்க, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. வந்து எங்க சீனியர்ங்களப் பாத்தாங்க. போகும்போது மேலிடத்துல ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிட்டாங்க. 'பசங்க நல்லாத்தான் படிச்சிருக்காங்க, ஆனா தலைமைப் பண்பு இல்ல.' முடிஞ்சுது. ஹாஸ்டல்ல பாத்ரூம் கதவுக்குத் தாப்பா இல்லன்னு நாங்க வருஷக்கணக்கா சொல்றோம், ஒரு ஈ காக்கா அசையல. இவங்க சொன்ன மறுநாளே கமிட்டி போட்டுட்டாங்க. படிப்ப முடிக்கறதுக்குள்ள எல்லாரும் எதுக்காவது தலைமை ஏத்திருக்கணும். எல்லாரும்! சரி, எல்லாரும் தலைவர்னா கூட யாரு வர்றதுன்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்டிருக்க வேணாமா?

இப்ப எங்க கிளாஸ்ல அறுபது பேருக்கு அறுபத்தோரு சங்கம். ஒருத்தன் ரெண்டு வச்சிருக்கான். ஒண்ணு படுத்துட்டா இன்னொண்ணு இருக்கட்டும்னு.

நீயே உன்னத் தலைவர்னு சொல்லிக்கிட்டா செல்லாது, தெரியும்ல? ப்ரொஃபசர் எழுதிக் குடுத்தாலும் செல்லாது. உன் கீழ உறுப்பினரா வேலை பாத்த ஒருத்தர், ஆமா, இவங்கதான் எனக்குத் தலைவர்னு இந்தப் படிவம் ஏழுல கையெழுத்துப் போடணும். அந்த ஒருத்தர் வேற எந்த சங்கத்துக்கும் தலைவரா இருக்கக் கூடாது. எந்தப் புண்ணியவான் இந்த விதிய எழுதினானோ, அவன் நல்லாவே இருக்க மாட்டான்னு கேன்டீன்ல தெனம் திட்டறாங்க. நானும் கூட உக்காந்து திட்டறேன்.

எலெக்ட்ரிகல்ல ஒரு பையன் இருந்தான். எதுக்கும் தலைவர் இல்ல, தான் உண்டு தன் வேலை உண்டுன்னு இருப்பான். அவனுக்குப் பேரே மெம்பர்னு வச்சுட்டாங்க. பதினேழு சங்கத்துல மெம்பர். அவன் கேன்டீனுக்கு வந்தா நாலு தலைவர்ங்க எழுந்து நின்னு எடம் குடுப்பாங்க. ஒருத்தன் அவன் தட்டக் கழுவி வச்சான், என் கண்ணால பாத்தேன். நானும் போய்க் கேட்டேன். 'இந்த மாசம் ஃபுல்லுக்கா, அடுத்த மாசம் பாக்கலாம்'ங்கறான். டாக்டரு மாதிரி! போன வாரம் அவன் என்ன பண்ணிட்டான்? அவனே ஒரு சங்கம் ஆரம்பிச்சுட்டான். 'உறுப்பினர் நலச் சங்கம்'. தலைவர் ஆயிட்டான்ல, இனிமே அவன் கையெழுத்து செல்லாது. பதினேழு தலைவரும் தலையில துண்டப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க.

இரு, உன்ன ஒண்ணு கேக்கணும். நீ எதுக்காவது தலைவரா? இல்லையா? துணைத்தலைவர்? செயலாளர்? கிளாஸ் ரெப்பு? பள்ளிக்கூடத்துல வரிசைக்கு முன்னாடி நின்னிருக்கியா? அதுவும் இல்லையா! அம்மாடி. நேத்துலேருந்து நாலு பில்டிங் ஏறி எறங்கிட்டேன், நீ இங்க ப்ளக் பக்கத்துல உக்காந்திருக்க! சார்ஜ் எவ்வளவு இருக்கு? நாப்பதா? நல்லது, மெதுவாவே ஏறட்டும்.

பயப்படாத, பொய்யெல்லாம் எழுதச் சொல்ல மாட்டேன். என் ரூம்மேட் சொன்னா, 'நான் எடது கையால போட்டுத் தரேன், யாருக்குத் தெரியப் போகுது'ன்னு. நான் வேணாம்னுட்டேன். எனக்கு அந்தப் பொழப்பு வேணாம். நான் நெஜமாவே தலைவரா இருந்தவ. என் கழகம் நெஜமாவே வேலை பாத்த கழகம். இந்தப் போர்டுல இருக்கறதுலயே வேலை பாத்தது நாங்க மட்டும்தான்.

எப்படி ஆரம்பிச்சுது தெரியுமா? ரெண்டாம் வருஷப் பரீட்சை சமயம். லைப்ரரியில உக்காந்து படிக்கறேன். நான் ஒரு வரி எழுதினா மேசை இந்தப் பக்கம் சாயுது, எதுத்தாப்ல இருக்கறவன் ஒரு வரி எழுதினா அந்தப் பக்கம் சாயுது. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி சீசா விளையாடறோம். அவன் பாட்டில் சாஞ்சு என் நோட்டு முழுக்கத் தண்ணி. நான் குனிஞ்சு, நோட்டு அட்டையக் கிழிச்சு, நாலா மடிச்சு, காலுக்கு அடியில சொருகினேன். நின்னுச்சு. ஆடாம, அசையாம, நின்னுச்சு! சின்ன வயசுலேருந்து நான் எதையும் சரி பண்ணினதே கெடையாது. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இதுதான் என் சங்கம்னு.

ஆறு பேர் சேந்தாங்க. ஆறு பேர்! அப்பல்லாம் மெம்பர் கெடச்ச காலம். துணைத்தலைவன் ஒருத்தன், ரசமட்டம்னு கூப்பிடுவோம். அவங்கப்பா கொத்தனார், இவன் எப்பவும் பையில ஒரு ரசமட்டம் வச்சிருப்பான். அதான், குழாய்க்குள்ள குமிழி ஓடுமே, தரை மட்டமா இருக்கான்னு பாக்கறது. லீவுல நாலு நாள், லைப்ரரியில எண்பத்து நாலு மேசை. நான் தெனம் காலையில அரைமணி நேரம் குறிக்கோள விளக்குவேன். அப்புறம் எல்லாரும் குனிஞ்சு அட்டை சொருகுவாங்க. மொத நாளே இந்த ரசமட்டம் வந்து, 'ஒரு விஷயம்...'ங்கறான். வேலை முடியட்டும்னேன். ரெண்டாம் நாளும் வரான். 'அப்புறம் பேசலாம்டா, எழுவது மேசை பாக்கி இருக்கு.' மூணாம் நாள் தரையில ரசமட்டத்த வச்சுட்டு என்னையே பாத்துக்கிட்டு நிக்கறான். 'வேடிக்கை பாக்காத, அட்டைய மடி'ன்னேன். நாலாம் நாள் எண்பத்து நாலும் முடிச்சு, ஃபோட்டோ எல்லாம் எடுத்தோம். நான் தூரத்தப் பாத்தேன்.

அடுத்த வாரம் பெயின்ட் அடிக்கறேன்னு வந்தவங்க மேசையெல்லாம் எடத்த மாத்திப் போட்டுட்டாங்க. எண்பத்து நாலும் ஆடுது. முன்னாடி ஆடாததும் சேந்து ஆடுது. ஏன்னா ஆடினது மேசை இல்லையாம். தரைதான் மேடும் பள்ளமுமா இருந்திருக்கு. நாங்க அட்டை வச்சுக் காலையெல்லாம் ஒசத்தி வச்சிருந்தோம். லைப்ரரி மேடம் இன்னிக்கும் என்னப் பாத்தா கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுட்டுத்தான் பாப்பாங்க.

அதுக்கு நான் என்ன பண்ண முடியும், சொல்லு? முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல அவன்! கழகம் ஒடைஞ்சுடுச்சு. ரசமட்டம் நாலு பேரக் கூட்டிக்கிட்டு வெளியேறி, 'அசல் ஆடும் மேசைக் கழகம்'னு ஆரம்பிச்சான். அந்த நாலு பேரும் அவன்கிட்டேருந்து பிரிஞ்சு ஆளுக்கு ஒண்ணு ஆரம்பிச்சுட்டாங்க, படிவம் ஏழு வேணும்ல. மிச்சம் இருந்த ஒரே ஒருத்தி, என் பொருளாளர், ஆடுற நாற்காலிக்குன்னு தனிக் கழகம் வச்சுட்டுப் போயிட்டா. அவளும் தலைவர்.

ரசமட்டத்துக்குப் போன வாரம் வேலை கெடச்சுடுச்சு, அந்த நாலு பேர் பிரியறதுக்கு முன்னாடியே ஒருத்தன்கிட்ட கையெழுத்து வாங்கி வச்சிருக்கான். இன்டர்வியூல என்ன கேட்டிருக்காங்க? 'உங்க தலைவர் நீங்க சொல்றதக் கேக்காதப்ப என்ன செஞ்சீங்க'ன்னு. முக்கால் மணி நேரம் பேசியிருக்கான். முக்கால் மணி நேரமும் என்னப் பத்தித்தான். எழுந்து கை குடுத்தாங்களாம். என்னால ஒருத்தன் முன்னுக்கு வந்திருக்கான், இதுக்கு ஏதாவது படிவம் உண்டா?

ம்? என்ன சொன்ன? ஆபீஸா? ஆமாம்மா, ஆபீஸ் தொறக்கட்டும்னுதான் நானும் காத்திருக்கேன். மூணு இருபத்தஞ்சு. வந்துடுவாரு. வராம எங்க போயிடுவாரு ஆபீஸரு, அவரு குடை உள்ளதான இருக்கும்.

இந்த வேலை எனக்கு வேணும் தங்கச்சி. சும்மா சொல்லல. மத்த கம்பெனியெல்லாம் ஊரு ஊரா அனுப்பிச்சுடுவான். இது ஒண்ணுதான் வீட்லேருந்து போயிட்டு வர்ற தூரம். எங்கம்மா தையல் கடை வச்சிருக்காங்க. நாலு பேர் வேலை பாக்கறாங்க அவங்ககிட்ட. அம்மாவுக்கு ஒரு கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்குது. யார்கிட்டயும் சொல்லல. அந்த நாலு பேருக்கும் தெரியாது. காலையில நான் கெளம்பறதுக்கு முன்னாடி இருவது ஊசியில நூல் கோத்து ஒரு துணியில குத்தி வச்சுட்டு வருவேன், ஒவ்வொண்ணா எடுத்து அன்னிக்குப் பொழுத ஓட்டிடுவாங்க. நான் வேற ஊருக்குப் போயிட்டா யாரு கோத்து வைப்பா? அத நெனச்சாத்தான் பயமா இருக்கு. நெஜமாவே பயமா இருக்கு. நாலு மணிக்குள்ள இந்தக் கதவு தொறக்கலன்னா நான் என்ன பண்ணுவேன்னு தெரியல.

எங்கம்மாவுக்குத் தலைமைப் பண்புன்னா என்னன்னே தெரியாது. வாயில எப்பவும் நாலு குண்டூசி இருக்கும். எப்படிப் பேசுவாங்க? யாரு வந்து என்ன சொன்னாலும் 'ம்'. கழுத்து எறக்கமா இருக்குன்னா 'ம்'. இந்தத் துணி சுருங்கும்னா 'ம்'. எல்லாத்தயும் கேட்டுட்டுக் கடைசியில ஊசிய எடுத்துட்டு ஒரு வார்த்த சொல்வாங்க, நாலு பேரும் போய் வேலையப் பாப்பாங்க. பதினஞ்சு வருஷமா ஒருத்தர்கூட வேலைய விட்டுப் போனதில்ல. நான் கேட்டேன், 'அம்மா, நீங்க எப்படி லீட் பண்றீங்க, இன்டர்வியூல சொல்லணும்'னு. 'ம்'னாங்க. இதப் போய் நான் எங்க சொல்றது?

எங்க ஆளுமைப் பயிற்சி மாஸ்டர் அப்படி இல்ல. அழகா சொல்லிக் குடுப்பாரு. நாற்காலி மேல ஏத்தி நிக்க வச்சு, மத்தவங்களக் கை தட்டச் சொல்வாரு. கண்ணப் பாத்துப் பேசணும். நான் உன் கண்ணப் பாத்துத்தான பேசறேன்? தப்பா எடுத்துக்காத, அது பயிற்சி. அப்புறம், நடுவுல எடைவெளி விடவே கூடாது. எடைவெளி விட்டா வேற எவனாவது உள்ள பூந்து தலைவர் ஆயிடுவான்னு சொல்லிட்டாரு. அன்னியிலேருந்து நான் விடறதே இல்ல.

சரி, கமிட்டி விஷயத்துக்கு வரேன். உன்கிட்ட சொல்றதுக்கென்ன, நீ என் கழகத்து ஆளு. அந்த விதிய எழுதினது நான்தான். முறைக்காத! கமிட்டியில மாணவர் தரப்புல ஒருத்தர் வேணும்னு என்னக் கூப்பிட்டாங்க. நான் அங்க கொஞ்சம் கூடுதலாப் பேசிட்டேன் போலருக்கு, 'அப்ப நீயே எழுதிக் கொண்டாம்மா'ன்னுட்டாங்க. ப்ரொஃபசர் கையெழுத்துன்னா எல்லாரும் காக்கா புடிச்சு வாங்கிடுவாங்க, மெம்பர்தான் போடணும்னு நான்தான் போட்டேன். மெம்பர் வேற எடத்துல தலைவரா இருக்கக் கூடாதுன்னும் நான்தான். இல்லன்னா உனக்கு நான், எனக்கு நீன்னு மாத்தி மாத்திப் போட்டுக்குவாங்கல்ல? நல்ல எண்ணத்துலதான் எழுதினேன். என் தலையிலயே வந்து விடியும்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்.

நாலு கேள்வி இருக்கும் அந்தப் படிவத்துல, மெம்பர் பதில் எழுதற மாதிரி. அதுல நாலாவது கேள்விதான் உசுரு. அதுக்காகத்தான் அந்தக் கமிட்டிக்கே போனேன்னு வச்சுக்கயேன். ஏன் தெரியுமா? மொத வருஷம் நான் தோட்டக் குழுவுல மெம்பர். தலைவி ஒருத்தி இருந்தா. பேசுவா பாரு, பேச்சு பேச்சு அப்படி ஒரு பேச்சு! மூச்சு எங்க விடறான்னே தெரியாது. நான் வாயத் தொறந்தாப் போதும், 'இரு, முடிச்சுடறேன்'ம்பா. ஹோஸ் பைப்புல தண்ணி வரல, செடி வாடுதுன்னு சொல்றதுக்காக ஒரு வாரம் அவ பின்னாடியே நடந்தேன். கடைசி வரைக்கும் விடவே இல்ல. அத்தன செடியும் கருகிப் போச்சு. நான் ரூமுக்குப் போய் அழுதேன். ஒரு மனுஷி சொல்றத ஒரு நிமிஷம் காது குடுத்துக் கேக்கக் கூடாதா? அப்படி என்ன... என்ன? இரு, முடிச்சுடறேன். அப்படி என்ன தலைமை அது? அதான், நாலாவது கேள்வி: 'நீங்கள் சொன்னதைத் தலைவர் காது கொடுத்துக் கேட்டாரா?' அது 'ஆமாம்'னு இல்லன்னா, ஏன்னு தலைவரே நேர்ல விளக்கம் சொல்லணும். இதையும் நான்தான் சேத்தேன்.

மணி என்ன... மூணு முப்பத்தெட்டு. வா, நேரம் இல்ல, உன்ன முறைப்படி சேத்துக்கறேன். சேந்தாச்சு. இப்ப நீ ஒரு வேலையாவது பாத்திருக்கணும், அதான் நேர்மை. இந்த பெஞ்ச் ஆடுதுல்ல? நம்ம குறிக்கோள் என்ன? ஆடறத நிறுத்தறது. இந்தா அட்டை. நாலா மடி. ஆங், கெட்டியா. கீழ குனிஞ்சு இந்த ஓரத்துக் கால் இருக்கு பாரு, அதுக்கு அடியில வை. அது இல்ல, இது. எதுக்கு அந்தக் கோடிக் காலக் காட்டற? நான் சொல்றேன்ல, இந்தக் கால்தான். எண்பத்து நாலு மேசை பாத்தவ நான். வச்சுட்டியா? கொஞ்சம் ஆடத்தான் செய்யுது. பரவால்ல, போகப் போகப் படிஞ்சுடும்.

எழுந்துக்க, எழுந்துக்க, கையத் தட்டிக்க. இந்தா படிவம், இந்தா பேனா. நீ எழுதிக்கிட்டே இரு, நான் தொந்தரவு பண்ணல. உள்ளது உள்ளபடி எழுது. எனக்காக ஒண்ணும் கூட்டிச் சொல்லாத. கொறைச்சும் சொல்லாத. கடைசியில 'கருத்து'ன்னு ஒரு கட்டம் இருக்கும், சின்னதா. அஞ்சு வரி விடலாம்னு கமிட்டியில சொன்னாங்க. மெம்பர் அப்படி என்னத்த எழுதிடப் போறாங்க, ரெண்டு வரி போதும்னு நான்தான் கொறைச்சேன். காலியாவே விடலாம்... எழுதறியா? எழுது எழுது. 'ஊக்கம் தந்தார்'னு ஒரு வார்த்த போட்டா நல்லாருக்கும். என்ன இவ்வளவு பொடி எழுத்து? கண்ணு போயிடப் போகுது.

நாளைக்கு என்ன போட்டுக்கறதுன்னு வேற ஒரு தலைவலி. நீலம்னா நம்பிக்கைன்னு மாஸ்டர் சொன்னாரு, எல்லாரும் நீலம் எடுத்துட்டாங்க. எங்கம்மா கடையில ஒரு பழுப்பு நெறத் துணி மிச்சம் இருந்துச்சு, அதுலயே தச்சுக் குடுத்துட்டாங்க. பழுப்புன்னா என்னன்னு மாஸ்டர்கிட்ட கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னுட்டாரு.

இன்னும் ஏன் அங்க குனிஞ்சுக்கிட்டு இருக்க, பேனா மூடி விழுந்துடுச்சா? விடு விடு. முடிச்சுட்டியா? குடு. என்ன, சார்ஜர மடிக்கற? ஏறிடுச்சா அதுக்குள்ள? கிளாஸா? சரி சரி, போ, லேட்டாப் போகாத, நேரந்தவறாமை மன்றத்துல சேத்துடுவாங்க. ரொம்ப நன்றிம்மா! நாளைக்கு என்ன ஆச்சுன்னு சொல்றேன், இங்கயே இரு, இதே ப்ளக்குல!

நல்ல பொண்ணு. ஒரு வார்த்த குறுக்கப் பேசல பாரு. மெம்பர்னா இப்படி இருக்கணும்.

என்ன எழுதியிருக்கா... 'ஒன்று. தலைவர் குறிக்கோளை விளக்கினாரா?' ஆமாம். பக்கத்துல, 'நிறைய.' நல்லது. 'இரண்டு. வேலையைப் பகிர்ந்து கொடுத்தாரா?' முழுவதும் கொடுத்தார். ம்... சரி, அதுவும் நல்லதுதான். 'மூன்று. உங்களோடு சேர்ந்து உழைத்தாரா?' பேசினார். என்ன இது, பேசினார்னு மொட்டையா? 'நான்கு. நீங்கள் சொன்னதைத் தலைவர் காது கொடுத்துக் கேட்டாரா?'

'இன்னும் இல்லை.'

இன்னும் இல்லையா? அடிப்பாவி! இவ என்னிக்கு என்கிட்ட... என்ன சொன்னா இவ? ஒண்ணுமே சொல்லலியே! அரைமணி நேரம் பக்கத்துல உக்காந்திருந்தேன், வாயத் தொறக்கவே இல்லியே இவ...

இரு. பெஞ்ச் ஆடலியே.

ஆடலியே! இப்படிச் சாஞ்சாலும் ஆடல, அப்படிச் சாஞ்சாலும் ஆடல. நான் காட்டின கால்ல அட்டை இல்லியே... அந்தக் கோடிக் கால்ல இருக்கு. பேனா மூடின்னு குனிஞ்சாளே, அப்பவா?

கருத்து. கருத்துல என்ன எழுதியிருக்கா, எறும்பு எழுத்துல... 'அக்கா, ஆபீஸ் இங்கே இல்லை. காலையிலேயே வேறு இடத்துக்கு மாத்திட்டாங்க. அந்த நோட்டீஸ் மேலதான் உங்க போஸ்டரை ஒட்டினீங்க. நாலு மணி வரைதான் வாங்குவாங்க. அஞ்சு தடவை சொல்ல வந்தேன். இப்ப ஆபீஸ் இருக்கிற இடம்' ... இடம்? இருக்கிற இடம்? கட்டம் முடிஞ்சு போச்சு! பின்னாடி எழுதியிருக்காளா? இல்ல. ரெண்டு வரி. ரெண்டே வரி போதும்னு எந்தக் கூறுகெட்டவ...

போஸ்டர்! உரி, உரி... வா, வந்துடு... 'வேலைவாய்ப்புப் பிரிவு இன்று முதல்'... ஆங், இன்று முதல்... 'இன்று முதல்'... அய்யோ, கிழியுது. மெதுவா, மெதுவா... போச்சு. எடம் போட்டிருக்கற வரி மட்டும் என் போஸ்டரோடயே வந்துடுச்சே. தலைகீழா, பசையோட கூழாகி... ஒரு எழுத்துப் புரியல. நாலு மூலையும் அழுத்தித் தேச்சேனே, பாவி. மூணு நாப்பத்தெட்டு!

தங்கச்சி! ஏ தங்கச்சி! படிக்கட்டுலயா இருக்க? நில்லும்மா, அங்கயே நில்லு, எறங்கிடாத! நான் வரேன், இதோ வந்துட்டேன்... அப்பாடி... நின்னியே, உனக்குக் கோடிப் புண்ணியம். இல்ல, அந்தக் கட்டம் சின்னதாப் போச்சு பாரு, அது எப்படி ஆச்சுன்னா, அன்னிக்குக் கமிட்டியில நான் என்ன சொன்னேன்னா...

வேணாம்.

நான் பேசல. நீ சொல்லு.